திருமண ஆயத்தப் பயிற்சி: இரண்டாம் முறை போய்வந்தவளின் மதிப்பீடு

கோலாலம்பூரில் தமிழ்த் திருப்பலி நடக்கும் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகம்) ஒன்றில், முழுக்கத் தமிழிலேயே நடத்தப்படும் திருமண ஆயத்தப் பயிற்சிக்குச் சென்ற மாதம் நானும் நான் மணக்கவிருப்பவரும் போய்வந்தோம். நடத்துகிறவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். வெளியே பெயர் வர வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பங்கின் பெயரை எழுதவில்லை. உங்கள் பங்கு அலுவலகத்தில் தமிழ்ப் பயிற்சி எங்கே என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, காலை எட்டரை முதல் மாலை ஐந்து மணி வரை. இணைக்கு 220 ரிங்கிட். காலைப் பசியாறலும் மதியச் சாப்பாடும் தேநீரும் அதில் அடக்கம்.

எனக்கு வயது 48. 2001 இல் என் முதல் திருமணத்திற்கு முன்பும் இப்படி ஒரு பயிற்சிக்குப் போயிருக்கிறேன், வேறொரு பங்கில். அது ஒரே சனிக்கிழமையில் முடிந்துவிட்டது. வரவு செலவு, மாமியார் வீட்டு நல்லுறவு, குடும்பக் கட்டுப்பாடு பற்றித் திருச்சபை சொல்வது, கடைசியில் ஒரு சான்றிதழ். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. மனத்தில் தங்கவும் எதுவுமில்லை. 2014 இல் என் கணவர் இறந்தார். இப்போது நான் மணக்கவிருப்பவரும் மனைவியை இழந்தவர். ஆகவே இம்முறை நான் ஒரு கேள்வியோடுதான் போனேன். திருமணம் கடவுளுடைய அன்பின் அடையாளம் என்று சிறு வயதிலிருந்து மறைக்கல்வியில் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த அடையாளம் ஒருவரோடு முடிந்து, இன்னொருவரோடு மறுபடி தொடங்க முடியுமா? முடியுமென்றால், முந்தையது எதற்கு அடையாளமாக இருந்தது? இதை யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மகளிடம்கூட இல்லை.

முதல் நாள் காலையில் பணத்தைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. பயிற்சியை வழிநடத்தும் அக்கா முன்பு தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவருடைய கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அக்கா வெண்பலகையில் ‘பிரமாணிக்கம்’ என்று பெரிதாக எழுதிவிட்டு, பதினான்கு இணைகளையும் பார்த்து, பீடத்தின் முன் நின்று இந்தச் சொல்லைச் சொல்லப் போகிறீர்களே, பொருள் தெரியுமா என்று கேட்டார். தமிழ்த் திருவழிபாட்டைத் தவிர வேறெங்கும் அதிகம் கேட்காத சொல் அது. கோயிலில் எத்தனையோ திருமணங்களில் கேட்டிருந்தும், ‘உண்மையாக இருப்பது’ என்பதற்கு மேல் எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பிரமாணம் என்றால் சத்தியம்; பிரமாணம் என்றால் அளவு. யாருடைய அளவால் அளந்து நீங்கள் உண்மையாக இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, நேரே விவிலியத்தில் வரும் இறைவாக்கினர் ஓசேயாவிடம் போய்விட்டார்.

இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒன்றரை மணி நேரம். தன்னை விட்டுப் போன மனைவியைத் தேடிப் போகும்படி இறைவாக்கினரிடம் கடவுள் சொல்கிறார். இஸ்ரயேலைத் தாம் தேடுவது அப்படித்தான் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் ஓசேயா ஒரு பெண்ணைப் பதினைந்து வெள்ளிக்காசும் ஏறத்தாழ ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுக்கொண்டு வருகிறார். பெயர் அங்கே சொல்லப்படாவிட்டாலும் அது அவருடைய மனைவி கோமேர்தான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். அக்கா அந்த விலையில் எங்களை நிறுத்தினார். விடுதலைப் பயணநூல் ஓர் அடிமையின் உயிருக்கு ஈடாகக் குறிப்பிடுவது முப்பது வெள்ளி. இங்கே வெள்ளி அதில் சரிபாதிதான், மிச்சத்திற்குத் தானியம். “கையில இருந்த காசு பத்தல. வீட்டுல இருந்த தானியக் குதிர தொடச்சி அள்ளிக்கிட்டுப் போயிருக்காரு” என்றார். இது அவர் வாசித்த விதம்தான், மூலத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். ஆனால் அதைக் கேட்ட பிறகு, கடவுளின் அன்பு என்ற சொல் எனக்கு வெறும் பாட்டு வரியாக ஒலிக்கவில்லை. என் கணவருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு நடந்த மூன்று ஆண்டுகளில், கழுத்துச் சங்கிலியில் தொடங்கி வீட்டில் இருந்ததையெல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியவள் நான். அந்த ஓட்டம் எதற்குச் சாயலாக இருந்தது என்று முதன்முறையாக அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

எங்கள் குழுவில் ஐந்து இணைகள் கலப்பு மணம் செய்யவிருப்பவர்கள். அவர்களில் இந்து சமயத்தைச் சேர்ந்த மணமகன் ஒருவர், ஆண்டாள் கனவில் பெருமாளைக் கைப்பிடித்ததைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்ததாகவும், கடவுளை மணவாளனாகப் பார்ப்பது தமக்குப் புதிதில்லை என்றும் சொன்னார். அதை யாரும் வெட்டிப் பேசவில்லை. அக்கா மகிழ்ந்துபோய், அப்படியானால் உங்களுக்கு இது சீக்கிரம் புரியும், ஓசேயாவில் கண்ணீர் விடுகிறவர் கடவுளாக இருப்பதை மட்டும் கவனியுங்கள் என்றார். பயிற்சி நடத்துவோர் எல்லாருக்கும் இந்தப் பக்குவம் இருப்பதில்லை. 2001 இல் நான் போன இடத்தில், கலப்பு மணம் செய்யவிருந்த இணைகள் ஏதோ தவறு செய்துவிட்டவர்களைப் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

இரண்டாம் நாள், இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்த் திருமணம். மண்டபத்தின் நடுவில் நீல நிறத் தோங் (தண்ணீர்ப் பீப்பாய்) ஒன்றை வைத்திருந்தார்கள், தண்ணீர் வெட்டு அறிவிப்பு வந்தால் நாமெல்லாம் குளியலறையில் நிரப்பி வைப்போமே, அதே நூறு லிட்டர்த் தோங். இரண்டு மணமகன்களை அழைத்து, பின்புறக் குழாயிலிருந்து பத்து லிட்டர் வாளியில் தண்ணீர் சுமந்துவந்து அதை நிரப்பச் சொன்னார்கள். நான்காவது நடையிலேயே ஒருவருடைய சட்டை நனைந்துவிட்டது. ஏழாவது நடையில் பேச்சு நின்றுவிட்டது. பத்து நடைக்குப் பிறகு தோங் விளிம்பைத் தொட்டது. யோவான் நற்செய்தியில் வருகிற கல்தொட்டிகள் ஆறு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளும். அப்படியென்றால் இதே வாளியில் அறுபது நடை. குழாயும் கிடையாது. விருந்துக்கு வந்தவர்களுக்குத் திராட்சை ரசம் தீர்ந்துபோன நேரத்தில், எதற்கென்று தெரியாமலே பணியாளர்கள் தண்ணீர் சுமந்து விளிம்பு வரை நிரப்பியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நாள்பூராவும் நடப்பது இந்த நடைதான், ரசமாக்குவது நம் வேலை இல்லை என்று அக்காவின் கணவர் சொன்னார். நான்கு நாளில் அவர் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். அவற்றுள் இது ஒன்று. வாளி சுமந்த பையன் மூச்சு வாங்கியபடி தலையாட்டியதைப் பார்த்தபோது, இதை அவன் மறக்கமாட்டான் என்று தோன்றியது.

பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் பங்குத்தந்தையே எடுத்தார். பெண்கள் பலர் முகத்தை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம், ஏனென்றால் திருமண வீடுகளில் அந்தப் பகுதியை, கணவருக்குப் பணிந்திருங்கள் என்று மனைவியருக்குச் சொன்ன வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். அவர் 22 ஆம் வசனத்திலிருந்து தொடங்காமல் 21 இலிருந்து தொடங்கினார். ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்பது அங்கே எல்லாருக்கும் சொல்லப்பட்டது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் 22 ஆம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே கிடையாது. முந்தின வசனத்தின் வினையைத்தான் அது வாங்கிக்கொள்கிறது. மனைவியருக்கு மூன்று வசனங்களில் முடித்துக்கொள்ளும் பவுல், கணவன்மாருக்கு அதைவிட வெகுநேரம் பேசி, கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே ஒப்புவித்ததை அவர்களுக்கு அளவாக வைக்கிறார். முதல் நாள் பலகையில் எழுதிய அந்த ‘அளவு’ இங்கே வந்து சேர்ந்தது. 32 ஆம் வசனத்தின் ‘மறைபொருள்’ என்ற சொல் கிரேக்கத்தில் மிஸ்தேரியோன் என்றும், இலத்தீன் மொழிபெயர்ப்பில் சாக்ரமெந்தும் என்றும் இருப்பதையும், திருமணத்தை அருளடையாளம் (சாக்ரமெந்து) என்று நாம் அழைப்பதற்கு அதிலும் வேர் இருப்பதையும் சொன்னார்.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும், சிறிய குறையாக எனக்குப் படவில்லை. கடவுளின் விட்டுக்கொடுக்காத அன்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற இடத்தில், கணவனிடம் அடிபடுகிற பெண்ணுக்கு இந்தப் பாடம் என்ன சொல்கிறது என்பதற்கு ஐந்து நிமிடங்கள் மட்டுமே ஒதுக்கினார்கள். ஓசேயாவின் கதையைக் காட்டிப் பெண்களைப் பொறுத்துப் போகச் சொன்ன உறவினர்களை நான் அறிவேன். அது அந்தக் கதையைத் திரிப்பது. உயிருக்கோ உடலுக்கோ உள்ளத்துக்கோ பெரும் ஆபத்து விளைவிக்கும் துணையிடமிருந்து பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டத்தின் 1153 ஆம் பிரிவே இடம் தருகிறது. நம் நாட்டில் 1994 ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. இவை இரண்டும் கையேட்டில் இல்லை. மணமகள்கள் பன்னிரண்டு பேர் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்னும்போது, இது கட்டாயம் இருந்திருக்க வேண்டும். மதிப்பீட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கையேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கா பேசுகிற தமிழ் ஆற்றொழுக்கு. கையேடு வேறெங்கிருந்தோ மொழிபெயர்த்தது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. வாசித்தால் பல்லில் கல் கடிபடுகிறது. பேசியதையே எழுதி அச்சிட்டிருந்தால் போதும்.

சட்டப் பதிவு, செலவுத் திட்டம், கோபத்தைக் கையாளுதல் ஆகியவை மூன்றாம் நாளில் வந்தன. தேசியப் பதிவிலாகாவில் பணியாற்றிய ஒருவர், முஸ்லிம் அல்லாதாருக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கிய 1976 ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தையும், அது 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்ததையும் தெளிவாக விளக்கினார். மறுமணம் செய்கிறவர்களுக்கு அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. என்னைப் போன்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். 1959 ஆம் ஆண்டு உயில் சட்டத்தின்படி, நீங்கள் ஏற்கெனவே எழுதிவைத்த உயில், பொதுவாக நீங்கள் மணம் செய்தவுடன் செல்லாததாகிவிடும். பிள்ளைகளை மனத்தில் வைத்து உயில் எழுதியிருப்பவர்கள், இந்தத் திருமணத்தைக் குறிப்பிட்டு முன்கூட்டியோ, அல்லது திருமணம் முடிந்த கையோடோ புதிதாக எழுதிவிடுங்கள்.

பதிவுப் படிவத்திலும் எங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை. ‘மணமாகாதவர்’ என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. அலுவலகத்தில் இருந்த பெண் சங்கடப்பட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதச் சொன்னார். இறந்த கணவரின் மரணச் சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டு, கட்டத்துக்கு வெளியே ‘கைம்பெண்’ என்று எழுதும்போது என் கை நடுங்கியது. அந்தப் பெண்மீது தவறு இல்லை. ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுவதற்குச் செலவு எதுவும் ஆகாது.

என் கேள்வியை நான்காம் நாள் கேட்டேன். பங்குத்தந்தை விவிலியத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்திருந்தார்: திருவெளிப்பாட்டில் ஆட்டுக்குட்டியின் திருமணம், மணமகளைப் போல் அணிசெய்துகொண்டு விண்ணிலிருந்து இறங்கிவரும் புதிய எருசலேம். தொடக்கநூலில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்வதில் தொடங்குகிற விவிலியம் ஒரு திருமணத்தில்தான் முடிகிறது. நாம் இப்போது வாழ்வது நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட காலம் என்றார். யூத வழக்கத்தில் மண ஒப்பந்தம் ஆன பிறகு பெண் சிறிது காலம் தாய் வீட்டிலேயே இருப்பாள்; மாப்பிள்ளை வந்து அழைத்துப்போகும் நாளுக்குக் காத்திருப்பாள். இயேசு சொன்ன உவமையில் பத்துத் தோழியர் விளக்கோடு காத்திருந்ததும் அந்த வழக்கத்தின் பின்னணியில்தான். எதிர்நோக்கு என்று நாம் சொல்வது வெறும் ஆசை இல்லை, வாக்குக் கொடுத்தவர் வருவார் என்று தெரிந்து காத்திருப்பது என்று அவர் சொன்னபோது, நான் எழுந்துவிட்டேன். ஃபாதர், உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் இயேசுவிடம் கேட்ட அதே கேள்விதான், ஆனால் அவர்கள் மடக்குவதற்காகக் கேட்டார்கள், நான் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு, அங்கே நான் யாருடைய மனைவி என்று கேட்டேன். மண்டபம் அமைதியானது. என் பக்கத்தில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அதே கேள்வி இருந்தது என்பதைப் பிறகுதான் சொன்னார்.

பங்குத்தந்தை உடனே பதில் சொல்லவில்லை. உயிர்த்தெழுந்தவர்கள் மணம் செய்வதும் இல்லை, மணம் செய்து கொடுக்கப்படுவதும் இல்லை என்ற இயேசுவின் சொல்லை மத்தேயுவில் வாசித்துவிட்டு, அதைக் கேட்டுத் துணையை இழந்த எத்தனை பேர் மனமுடைந்திருக்கிறார்கள் என்பது தமக்குத் தெரியும் என்றார். பிறகு நம் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்தார். “நிச்சயத்தன்னிக்கு மாத்தின தட்ட முகூர்த்தத்தன்னிக்கு யாரும் தேட மாட்டாங்க. ஆனா அன்னிக்குத் தட்டு மாத்துனவங்க எல்லாரும் முகூர்த்தத்துல இருப்பாங்கம்மா” என்றார். லூக்கா நற்செய்தியில் அதே உரையாடல் எங்கே முடிகிறது என்று காட்டினார்: அவர் இறந்தோரின் கடவுள் அல்ல, வாழ்வோரின் கடவுள், அவருக்கு அனைவரும் உயிருள்ளவர்களே. உங்கள் முதல் கணவர் உங்களுக்குக் காட்டிய அன்பு அவரிடமிருந்து வந்தது, அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இவர் காட்டப்போவதும் அங்கேதான் போய்ச் சேரும். ஒன்று இன்னொன்றைத் துடைத்துவிடாது என்றார். வாக்குறுதியில் ‘என் வாழ்நாளெல்லாம்’ என்று சொன்னீர்கள் அல்லவா, சாவு பிரிக்கும்வரை சொன்னபடி செய்து முடித்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக என்னிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

தேநீர் வேளையில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, அக்கா, நான் இவர்தான் எனக்கு எல்லாம் என்று நினைத்திருந்தேன், அவ்வளவு பெரிய பாரத்தை அவர்மேல் வைக்கக் கூடாது போலிருக்கிறதே என்றாள். துணை கடவுள் அல்ல, கடவுளின் அன்புக்கு ஒரு சாயல் என்பதை இந்த வயதிலேயே பிடித்துக்கொண்டாளே என்று நினைத்தேன். எனக்கு அது புரிய ஒரு திருமணமும் ஒரு சாவும் தேவைப்பட்டன.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மண்டபத்தில் ஏர்கண்ட் கடுங்குளிர். சால்வை எடுத்துச் செல்லுங்கள். மதிய நேரத்துப் பேச்சுகள் ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடமாவது இழுத்தன. கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் கொம்முட்டர் ரயிலில் வந்தவர்கள் கடைசி வேண்டுதலுக்கு நிற்க முடியாமல் ஓடினார்கள். இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கிய இரண்டு மணி நேரத்தில் எங்கள் இருவரையும் தோட்டத்தில் உட்காரச் சொல்லியிருக்கலாம். சாப்பாடு அன்பியத்து (பங்கின் அக்கம்பக்கக் குழு) பெண்கள் சமைத்தது. இரண்டாம் ஞாயிறு போட்ட மீன் கறிக்காகவே மறுபடி போகலாம். ஆறு மாதத்துக்குள் வாங்கிய திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்கிறார்கள், பழையதைக் கொண்டுபோனால் திரும்ப அலைய வேண்டியிருக்கும். திருமணத்திற்கு ஆறு மாதம் இருக்கும்போதே பெயர் கொடுத்துவிடுங்கள், தமிழ்ப் பயிற்சி ஆண்டுக்கு மூன்று முறைதான் நடக்கிறது. மறுமணத்திற்கு எதற்கு இன்னொரு பயிற்சி என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். முதல் முறையைவிட இரண்டாம் முறைக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது என்பதே என் பதில்.

கடைசி நாள் மாலையில், துணையை இழந்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களுடைய பெயரை ஒரு சீட்டில் எழுதித் தரும்படி அக்கா கேட்டார். நிறைவுத் திருப்பலியில் பீடத்தின்மேல் அது இருக்கும் என்றார். நாங்கள் இருவரும் ஒரே சீட்டில் எழுதினோம், அவருடைய மனைவியின் பெயரை நானும், என் கணவருடைய பெயரை அவரும். வீட்டுக்கு வரும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, புறாவும் சிலுவையும் பதித்த தாலிக்கு அளவு சொல்லிவிட்டு வந்தோம். பழைய தாலியை உருக்க வேண்டாம், அம்மா, எனக்கு வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள். ஓலைக்கு, அதாவது கோயிலில் வாசிக்கும் திருமண முன்னறிவிப்புக்கு, பெயர் கொடுத்தாயிற்று. 1215 இலேயே பொதுச்சங்கம் திருச்சபை முழுவதற்கும் விதியாக்கிய பழக்கம். இன்றும் நம் கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிக்கிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்கிறார்கள். எங்களுக்கு முதல் ஓலை வருகிற ஞாயிறு, எட்டு மணித் திருப்பலியில்.